பத்துப் பேர், பதினைந்து பேர்: கோத்தா திங்கியில் தமிழ்க் கல்வியின் அறுந்த கண்ணி

மலேசியத் தமிழ்ப்பள்ளி வரலாறு பெரும்பாலும் 1816இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்தே எழுதப்படுகிறது. கோத்தா திங்கி மாவட்டத்துக்கு அந்தத் தொடக்கம் அவ்வளவாகப் பொருந்தாது. தென்கிழக்கு ஜொகூரின் இந்தப் பகுதிக்குத் தமிழ் ரப்பர் பால்மரத்தோடு வந்தது. தோட்டம் இருந்த இடத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயம், லயத்துக்குப் பக்கத்தில் கோயில், கோயிலுக்கு அருகில் ஒரு கொட்டகைப் பள்ளி என்பதே இங்குத் தமிழ் வேர்விட்ட வரிசை.

அந்தக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் குடியிருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலம்தான். ஆனால் இங்குள்ள தோட்டங்களிலும் பள்ளியின் உருவம் அதேதான். இதைத் தமிழ்ப்பற்று என்று யாரும் எண்ண வேண்டாம். குடும்பத்தோடு வருகிற கூலியாள் சீக்கிரம் ஊர் திரும்ப மாட்டான் என்பது தோட்டத் துரைமாருக்குத் தெரியும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு முடிந்து பெற்றோர் பால்மரம் வெட்டப் போனபின் பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார வைக்கவும் பள்ளி உதவியது. பல தோட்டங்களில் வாத்தியார் வேலையும் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணி (எழுத்தர்) அல்லது கங்காணியின் (மேற்பார்வையாளர்) தலையில்தான் விழுந்தது. பாடநூல் தமிழகத்திலிருந்து வந்தது. சில வகுப்புகளோடு படிப்பு முடியும். அடுத்த படி வெட்டுக்கத்தி. மேலே படிக்க வழியில்லாத பள்ளியாகவே இது பிறந்தது என்பதை மனத்தில் கொண்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும்.

1938இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. புதிதாக ஆள் வருவது நின்றது. 1951இன் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. தமிழரும் சீனரும் எதிர்த்தனர். 1956இன் ரசாக் அறிக்கை ஒரு சமரசத்துக்கு வந்தது: தொடக்கப்பள்ளி தமிழில் இருக்கலாம். அதற்கு மேல் தமிழ்வழி என்ற பேச்சே எழவில்லை. சீனச் சமூகம் பின்னர் தன் சொந்தக் காசில் சுயேச்சை இடைநிலைப்பள்ளிகளை நடத்தியது. அன்றாடக் கூலியில் வாழ்ந்த சமூகத்துக்கு அந்த வசதி ஏது?

அதே 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உருவானது. கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' வழியாக நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதித் திரட்டு அத்துறை நூலகத்துக்குக் கைகொடுத்தது. ஆக, ஏணியின் அடிப்படியும் உச்சிப்படியும் ஒரே ஆண்டில் உறுதியாயின. நடுப்படி மட்டும் வைக்கப்படவே இல்லை.

வேல்ஸ் நாட்டு அனுபவத்தை இங்கே ஒப்பிடலாம். கெல்டிக் மொழிகளில் ஒன்றான வெல்ஷுக்கு 1939இல் அபரிஸ்ட்வித் ஊரில் ஒரு தனியார் தொடக்கப்பள்ளி திறக்கப்பட்டது. முதல் நாள் பிள்ளைகள் ஏழே பேர். தோட்டச் சட்டத்தின் பத்துக்கும் குறைவு! 1947இல் லனெல்லியில் உள்ளூர்க் கல்வி நிர்வாகமே வெல்ஷ்வழித் தொடக்கப்பள்ளி நடத்தியது. 1956இல் ரில் நகரில் கிளான் க்லூயிட் என்ற வெல்ஷ்வழி இடைநிலைப்பள்ளி வந்தது. மலாயாவில் நடுப்படி விடுபட்ட ஆண்டில் வேல்ஸில் அது வைக்கப்பட்டது. வெல்ஷின் நிலை இன்றும் கவலைக்கிடம்தான். 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் 17.8 விழுக்காட்டினரே அதைப் பேசத் தெரிந்தவர்கள். ஆனாலும் வீட்டில் வெல்ஷ் பேசாத பிள்ளைகளையும் பள்ளியே பேச வைத்திருக்கிறது என்பதைப் பார்க்கும்போது, அந்த நடுப்படியின் பயன் தெரிகிறது.

மலாயாவின் விடுதலைக்குப் பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். 1956இலேயே தோன்றிய ஃபெல்டா என்ற அரசு நில மேம்பாட்டு அமைப்பு, கோத்தா திங்கியில் பெரிய குடியேற்றத் திட்டங்களை அமைத்தது. குடியேறியவர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள். தோட்டத் தமிழர்கள் ஜொகூர் பாருவுக்கும், பாசிர் கூடாங்குக்கும், பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். நாடெங்கும் 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520க்குச் சற்று மேல். இம்மாவட்டத்தில் ஜாலான் தாஜுல் தமிழ்ப்பள்ளி நகரத்துக்குரியது. பாசாக், ரெம், தாய் தாக் முதலியவை தோட்டப் பெயரைத் தாங்கியவை. பெயர்ப்பலகையில் 'லாடாங்' (தோட்டம்) என்றிருக்கும். வேலையைத் தேடிக் குடும்பங்கள் நகர, பள்ளி மட்டும் பழைய முகவரியிலேயே கிடக்கிறது. நிலம் தோட்டத்துக்குச் சொந்தமானால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கட்டடத்துக்கு யாரிடமாவது கையேந்த வேண்டும்.

ஆனாலும் பள்ளிகள் மூடப்படுவதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டான ஆறாம் ஆண்டுக்குப் பின் நடப்பது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் கற்பிக்க வேண்டும். ஜொகூர் பாருவில் இந்த எண் ஒரு பொருட்டே இல்லை. கோத்தா திங்கியோ பரந்து கிடக்கும் மாவட்டம். மூன்று சிறு பள்ளிகளிலிருந்து ஆறாம் ஆண்டு முடிக்கும் இருபது பிள்ளைகள் நான்கு இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்தால், ஒரு பள்ளிக்கு ஐந்து பேர்கூடத் தேறலாம், தேறாமலும் போகலாம். இருபது பேர் இருந்தும், அவ்வாண்டு சேர்ந்தவர்களில் பதினைந்து பேர் எந்த ஒரு பள்ளியிலும் இல்லை. பத்துப் பேரை எண்ணிய பழைய சட்டம் ஒரே லயத்தில் இருந்தவர்களை எண்ணியது. புதிய சட்டமோ சிதறியவர்களை, சிதறியபின் எண்ணுகிறது.

தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரண் என்ற வழக்கை 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றமும், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்க மறுத்தன. 2024 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் அதற்கு மேல் இடம் தரவில்லை. தமிழ்ப்பள்ளியின் சட்ட நிலை இன்று முன்னெப்போதையும்விட உறுதி. ஆனால் அத்தீர்ப்புகளால் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றின் சிக்கலுக்கு ஒரு வழியும் பிறக்கவில்லை. எண்ணிக்கை சேர்ந்த இடத்திலும் தமிழ் வகுப்பு பல வேளை பள்ளி நேரத்துக்கு வெளியே, பிற்பகலில் வைக்கப்படுகிறது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்து ஒன்றுதான். வகுப்புக்கு நின்றால் பேருந்து போய்விடும். இம்மாவட்டத்தில் இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் எடுப்போரை எண்ண விரும்புபவர் பேருந்து நேர அட்டவணையையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.