இங்கிலாந்தின் ஊர்ப் பீரும் வழிகாட்டி நூலும்

இங்கிலாந்துக்குச் செல்லும் பயணியருள் ஒரு சாரார், கோட்டைகளையும் தேவாலயங்களையும் விட, ஊர்தோறும் உள்ள சிறு பீர் ஆலைகளையும் மதுவிடுதிகளையுமே நாடுவர். எந்த ஊரில் எந்த விடுதி, அங்கு வார்க்கப்படுவது எந்த ஆலையின் பீர் என முன்னரே குறித்துக்கொண்டு புறப்படுவர். இதனை வெறுங்குடிவேட்கை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அழியவிருந்த ஒரு தொழிலைப் பொதுமக்கள் காத்த வரலாறு இதன் பின்னே இருக்கின்றது.

வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவோடு காய்ச்சி, ஆறியபின் ஈஸ்டு சேர்த்துப் புளிக்க வைப்பதே பீர். இங்கிலாந்தின் பழைய முறைப்படி, ஈஸ்டு உயிரோடு இருக்கும்போதே அது பீப்பாயில் நிரப்பப்படும். விடுதியின் நிலவறையில், ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ் குளிரில், அது மீண்டும் புளித்து முதிரும். பீப்பாயைத் திறந்தபின் மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். ஆகவே இப்பீர் தன் ஊரை விட்டு நெடுந்தொலைவு செல்வது அரிது. விரும்புவோரே அதனிடம் செல்ல வேண்டும்.

ஊருக்கு ஊர் சுவை வேறுபடுதற்கு அவ்வூர் நீரும் ஒரு காரணமாகும். டிரென்ட் ஆற்றங்கரையிலுள்ள பர்ட்டன் நகரின் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அது ஹாப்ஸின் கசப்பைத் தெளிவாக எடுத்துக்காட்டும். இலண்டனைச் சார்ந்த போ என்னும் ஊரில் ஹாட்சன் குடும்பத்தார் காய்ச்சிய பீர், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் இந்தியாவுக்குச் சென்றுகொண்டிருந்தது. 1822ஆம் ஆண்டில் பர்ட்டனின் ஆல்சாப் ஆலை அதனைப் போன்றதொரு பீரைக் காய்ச்சத் தொடங்கியது. ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்ந்தமையால் மாதக்கணக்கான கடற்பயணத்தையும் தாங்கிய இவ்வகையே பின்னர் ‘இந்தியா பேல் ஏல்’ எனப் பெயர் பெற்றது. பிறவூர் ஆலையினர் தங்கள் நீரிலும் ஜிப்சம் கலந்து பர்ட்டன் சுவையைப் பெற முயன்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை மாறியது. ஆறு பெருநிறுவனங்கள் சிற்றாலைகளை ஒவ்வொன்றாக வாங்கி மூடின. வடிகட்டி, சூடேற்றி, ஈஸ்டை நீக்கி, கரியமில வாயுவின் அழுத்தத்தோடு உலோகக் கலங்களில் அடைத்த பீரை அவை நாடெங்கும் அனுப்பின. அது கெடாது, பேணுதற்கும் எளிது. ஆனால் எவ்வூரிலும் ஒரே சுவை. விடுதிக்காரரே காய்ச்சி விற்கும் பழைய வழக்கம் 1970களின் தொடக்கத்தில் நான்கே இடங்களில் எஞ்சியிருந்தது. பிஷப்ஸ் காசில், மேட்லி, நெதர்டன் ஆகிய மூன்றும் நாட்டின் மேற்கு நடுப்பகுதியில் உள்ளவை. நான்காவதாகிய ஹெல்ஸ்டன் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலில் உள்ளது.

இந்நிலையில் 1971ஆம் ஆண்டு மைக்கேல் ஹார்ட்மன், கிரஹாம் லீஸ், ஜிம் மேக்கின், பில் மெல்லர் என்னும் நான்கு இளைஞர், அயர்லாந்தின் மேற்குக் கரையில் விடுமுறையைக் கழிக்கையில், மரபுவழிப் பீரைக் காக்க ஓர் இயக்கம் கண்டனர். இயக்கத்தின் வழிகாட்டி நூல் 1974இல் கடைகளுக்கு வந்தது. நல்ல பீர் கிடைக்கும் விடுதிகளை இடம்வாரியாக அது தொகுத்துரைத்தது. பரிசில் பெற்றோன் பெறாதோனுக்கு வழியையும், வழியிற் கிடைக்கும் உணவையும் எடுத்துரைக்கும் ஆற்றுப்படையை ஒத்ததே அதன் பணியும். ஒருவர் கண்டது பலர்க்கும் பயன்பட்டது. தேடி வருவோர் உண்டென அறிந்த விடுதிக்காரரும் பழைய பீப்பாயைக் கைவிடத் தயங்கினர்.

பயன் விரைவில் விளைந்தது. 1978இல் பீட்டர் ஆஸ்டின் ரிங்வுட் என்னும் ஊரில் சிற்றாலை அமைத்ததோடு, பல நாடுகளில் பிறர் ஆலை நிறுவவும் துணை நின்றார். 1989ஆம் ஆண்டின் அரசாணை, பேராலைகள் 2,000க்கு மேல் வைத்திருந்த விடுதிகளிற் பாதியைத் தம் பிடியிலிருந்து விடுவிக்குமாறு பணித்தது. எனினும் விற்கப்பட்டவற்றுட் பல, புதிய விடுதி நிறுவனங்களின் கைக்கே சென்றன. 2002இல் ஆண்டுக்கு 5,00,000 லிட்டருக்கு மேற்படாமல் காய்ச்சிய ஆலைகளுக்குத் தீர்வை பாதியாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் சிற்றாலைகள் பல்கின.

ஆயினும் வென்றது நிலைத்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டு ரிங்வுட் ஆலை மூடப்பட்டது. வரிசையாகப் பிணைத்த பீப்பாய்களிற் புளிக்க வைக்கும் பர்ட்டனின் தனிமுறையும் அவ்வாண்டிலேயே அந்நகரில் கைவிடப்பட்டது. அப்பீப்பாய்களில் ஒரு தொகுதியை டார்பிஷயரிலுள்ள தார்ன்பிரிட்ஜ் என்னும் ஆலை பெற்றுப் பயன்படுத்தத் தொடங்கியமையால், அம்முறை முற்றும் மறையாது தப்பியது.

பயணம் புறப்படுவோர் பழைய பதிப்பை நம்பாது புதிய பதிப்பைப் பார்த்துத் திட்டமிடுதற்குக் காரணம் இதுவே. நூலில் பெயர் இருப்பதால் மட்டும் ஓர் ஆலை வாழ்ந்துவிடாது. அந்நூலைக் கையிற்கொண்டு விடுதியின் கதவைத் திறந்து உள்ளே செல்வோரும் வேண்டும்.