வேம்புக்கு வந்த நோய்

பெரம்பலூர்ப் பக்கம் போகிறவர்கள் சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. சுமார் 18 மீட்டர் நீளம். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பச்சை மரமாக நின்றது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதைக் கண்டறிந்து உலகத்துக்குச் சொன்னார். அந்தக் காலத்தில் அங்கே கடல் இருந்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரம் கடலடிச் சேற்றில் புதைந்தது. காற்றுப் புகாத சேற்றில் பூஞ்சைகளுக்கு வேலையில்லை. அவை தின்னாமல் விட்டதைக் காலம் கல்லாக்கி வைத்தது.

பூஞ்சைக்குத் தப்பிய மரம் என்று அந்தச் சீமையில் கை நீட்டிக் காட்ட வேண்டுமானால் அதைத்தான் காட்டலாம். உயிரோடு நிற்கும் மரங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வேம்புக்குக்கூட இல்லை!

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் சாலையில் ஒரு கார்த்திகை மாதம் நான் போனபோது, இருபுறத்து வேப்பமரங்களும் கொள்ளிக்கட்டையால் சுட்டதுபோல் நுனி கருகி நின்றன. அடிமரத்தில் பழுதில்லை, நடுக்கிளைகளில் பச்சை இருந்தது, கொழுந்துகள் மட்டும் காய்ந்து தொங்கின. சென்ற சில ஆண்டுகளாக மழைக்காலத்தில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் கண்ட காட்சிதான் இது. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சிமெண்டு ஆலைத் தூசி என்றார் ஒருவர். செல்போன் கோபுரம் என்றார் இன்னொருவர். வயதான அம்மாள் ஒருத்தி, "மாரியாத்தா மரத்துக்கே அம்மை போட்டிருக்குது" என்றாள். மூவரும் விஷயத்தை அலட்சியம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். குற்றவாளியின் பெயர் தெரியாமல்தான் தவித்தார்கள்.

பெயர் தெரிவது அத்தனை பெரிய விஷயமா என்று வாசகர்கள் கேட்கலாம். பெரிய விஷயந்தான். பூச்சி என்றால் ஒரு மருந்து, பூஞ்சை என்றால் வேறு மருந்து. பெயர் தவறினால் மருந்து தவறும். மருந்து தவறினால் மரம் போய்விடும்.

செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டி வரிசைப்படுத்திய லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்துப் பேரறிஞர், பதினெட்டாம் நூற்றாண்டில் காளான்களிடம் வந்ததும் இது ஒரே குழப்பம் என்று கைவிரித்துவிட்டார். இலையில்லை, பூவில்லை, எதைப் பார்த்துப் பிரிப்பது? 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோதுகூட, மழையும் குளிருமே காரணம் என்றுதான் பெரும்பாலோர் நம்பினார்கள். அழுகல் முன்னால், பூஞ்சை பின்னால் என்பது அவர்கள் கட்சி. பூஞ்சைதான் முதல் குற்றவாளி என்று வாதாடிய சிலரில் மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார் முக்கியமானவர்.

அதே பெர்க்லியின் மேஜைக்கு 1869-இல் இலங்கையிலிருந்து சில காப்பி இலைகள் வந்து சேர்ந்தன. பேராதனைத் தோட்டத்து த்வெய்ட்ஸ் அனுப்பியவை. இலையின் அடிப்புறத்தில் மஞ்சளாய்த் துரு. பெர்க்லியும் அவருடைய நண்பர் ப்ரூமும் அதற்கு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார்கள். பின்பகுதிக்கு 'பாழாக்குகிறவள்' என்று பொருள். பெயர் பலித்துவிட்டது. ஆனால் தோட்டத் துரைமார்கள் மண்ணையும் மழையையும் நொந்துகொண்டு பத்து ஆண்டுகளைக் கழித்தார்கள். 1880-இல் மார்ஷல் வார்டு என்ற இளைஞர் வந்து, அந்தப் பூஞ்சையின் வித்துத்தூள் காற்றில் பறந்து இலைக்குள் புகும் விதத்தைக் காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. காப்பி மடிந்தது, தேயிலை வந்தது. அந்தக் காப்பித் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள்; திருச்சி ஜில்லாவிலிருந்தும் திரளாகப் போனார்கள். பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை அந்த ஜில்லாவைச் சேர்ந்தவைதாம். இங்கிலாந்தில் ஒருவர் பூஞ்சைக்குப் பெயர் வைப்பதற்கும் நம் குடியானவன் வீட்டில் உலை கொதிப்பதற்கும் இவ்வளவு நெருங்கிய சம்பந்தம் உண்டு.

பெயர் வைப்பதிலும் ஒரு வேடிக்கை நேர்ந்தது. பிரான்சில் துலான் என்று இரு சகோதரர்கள். அண்ணன் எழுதினார், தம்பி சித்திரம் தீட்டினார். 1861 முதல் 1865 வரை அவர்கள் வெளியிட்ட மூன்று பெரிய தொகுதிகள் ஓர் உண்மையை நிலைநாட்டின. ஒரே பூஞ்சை பருவத்துக்கு ஏற்ப இரண்டு, மூன்று வேஷம் போடும்! ஒரு வேஷத்தில் ஆண் பெண் கூடலில்லாமல் வித்து உதிர்க்கும். இன்னொன்றில் கூடிக் கருவுறும். வேஷத்துக்கு ஒரு பெயராக, ஒரே ஆசாமிக்கு இரண்டு பெயர்கள் விழுந்துவிட்டன. கூடும் பருவம் கண்ணில் படாதவற்றையெல்லாம் 'அரைகுறைப் பூஞ்சைகள்' என்று தனிக் கொட்டடியில் அடைத்தார்கள்.

அந்தக் கொட்டடியில் ஒழுங்கைக் கொண்டுவர முயன்றவர்களில் உலகப் புகழ் பெற்றவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். பெயர் சி. வி. சுப்பிரமணியன். எர்ணாகுளத்தில் 1924-இல் பிறந்தவர்; பேராசிரியர் டி. எஸ். சதாசிவனின் மாணவர். வித்தின் நிறத்தையும் உருவத்தையும் பார்த்துப் பிரிப்பது முன்னோர் வழக்கம். வித்து எப்படிப் பிறக்கிறது, தாய் இழையிலிருந்து எப்படி முளைத்துப் பிரிகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அவர். மனிதரை உடுப்பால் இனம் காணாமல் பிறப்பால் காண்பது போன்ற முறை. 1962-இல் அந்த முறைப்படி ஒரு பகுப்பையும் வெளியிட்டார். மெரினா ஓரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து எழுந்த அந்தக் குரலை உலகம் காது கொடுத்துக் கேட்டது. 2016-இல் அவர் காலமானார்.

வேம்பின் பூஞ்சை அவர் ஆராய்ந்த கூட்டத்தைச் சேர்ந்ததன்று. வித்துக்களைச் சின்னஞ்சிறு கூட்டுக்குள் ஒளித்து வைக்கும் வேறு கூட்டம். மைசூர் ஆராய்ச்சியாளர்கள் 1997-இல் அதைப் புதிய இனம் என்று கண்டு 'போமாப்சிஸ் அசாடிராக்டே' என்று பெயரிட்டார்கள். போமாப்சிஸ் என்பதும் ஒரு வேஷத்தின் பெயர்தான். கூடும் பருவத்தில் அதே குடும்பத்துக்கு 'டயபோர்த்தே' என்று பெயர். 2011-இல் மெல்போர்னில் கூடிய தாவர நூலார், இனி ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயரே என்று தீர்மானித்தார்கள். இப்போது டயபோர்த்தே என்ற பெயரே நிலைத்து வருகிறது.

ஆனால் பூஞ்சை அகப்பட்டது என்பதற்காக உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. திருவிதாங்கூரில் 1880-களில் தென்னைக்கு வந்த வேர்வாடல் நோயைப் பட்லர் என்ற பேரறிஞர் ஆராய்ந்து, வேரில் வாழும் ஒரு பூஞ்சையைச் சந்தேகித்தார். ஒரு நூற்றாண்டு கழித்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான், பூஞ்சையினும் மிகச் சிறிதான பைட்டோபிளாஸ்மா என்ற உயிர் மரத்தின் குழாய்களில் குடியிருப்பது தெரிந்தது. இதற்கு மாறாக, 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் கொள்ளிடத்துக்குத் தெற்கே தென்னந்தோப்புகளில் பரவிய தஞ்சாவூர் வாடல் நோயில் குற்றவாளி பூஞ்சையேதான். அடிமரத்தில் குடை விரிக்கும் கானோடெர்மா அது. இரண்டு இடத்திலும் வாடியது தென்னைதான். வாட்டியது வேறு வேறு.

வேம்பின் வழக்கிலும் இரண்டாவது ஆசாமி ஒருவன் உண்டு. தேயிலைக் கொசு என்பார்கள். பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. ஜயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து முந்திரி விவசாயிகளுக்கு அவனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முந்திரித் துளிரைக் கருக்கும் பழைய பகைவன். அவன் வேம்பின் துளிரையும் குத்துகிறான். குத்திய புண் பூஞ்சைக்குத் திறந்த கதவு. இருவரும் சேர்ந்து செய்யும் காரியம் இது என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். காய்ந்த குச்சிகளை வெட்டி எரித்துவிட வேண்டும். அடுத்த மழைக்கு வேண்டிய வித்துக்கள் அவற்றில்தான் காத்திருக்கின்றன. கருகிய மரங்களில் பல, கோடையில் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. பட்டுப்போயிற்று என்று அவசரப்பட்டு அடியோடு வெட்டிவிடுவதுதான் பெரிய பிழை.

இதில் ஒரு முரணையும் சொல்ல வேண்டும். வேப்பெண்ணெய் பயிரின் பூஞ்சையை அடக்கும் என்பதைத் தம் கண்டுபிடிப்பு என்று சொல்லி, அமெரிக்க விவசாயத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் 1994-இல் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றன. இது இந்தியக் குடியானவனுக்கு முன்பே தெரிந்த சங்கதி என்று வழக்காடி, 2000-இல் அதை ரத்துச் செய்ய வைத்தார்கள். 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. பூஞ்சையை அடக்கும் மருந்தைத் தன் விதையில் வைத்திருக்கும் மரத்தின் நுனியிலேயே பூஞ்சை ஏறிவிட்டது!

வேம்பு நம்மைக் காக்கும் என்பதில் நமக்கு இருந்த நம்பிக்கை பெரியது. அதனாலேயே அதைக் கவனிக்கும் பழக்கம் நமக்குக் குறைவு. எந்த மாதம் கருகத் தொடங்கியது, நுனியிலா அடியிலா, துளிரில் பூச்சி உண்டா, எப்போது மறுபடி துளிர்த்தது? இவற்றை அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளே ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் பெயர் சொல்ல வேண்டுமானால், மரத்தடியில் இருப்பவர் முதலில் அடையாளம் சொல்ல வேண்டும். பேராதனையிலிருந்து அன்று போன தபாலில் சில காய்ந்த இலைகள்தாம் இருந்தன.