ஒரு கொசுவலைக்குள் ஐவர்

இலக்கிய வரலாறு எழுதுவோர் நூல்களையும் ஆண்டுகளையும் வரிசைப்படுத்துவர். அந்நூல்கள் உருவான நாட்களில் அவற்றை உருவாக்கியோர் எங்கு உலாவினர், எதை உண்டனர், எதைச் சொல்லிச் சிரித்தனர் என்பன பெரும்பாலும் பதிவு பெறுவதில்லை. பதிவு பெற்ற அரிய சில நாட்கள் 1691ஆம் ஆண்டுக் கோடைத் தொடக்கத்தில், ஜப்பானியப் பேரரசர் வீற்றிருந்த கியோத்தோ நகரின் மேற்கு விளிம்பில் கழிந்தன. அவற்றைக் குறித்து வைத்தவர் ஹைக்கூப் பெருங்கவிஞர் மட்சுவோ பாஷோ (1644–1694). அக்குறிப்பு ‘சாகா நாட்குறிப்பு’ என வழங்கப்படுகின்றது.

பழம் உதிர்ந்த குடில்

சாகா அன்று நகர்ப்புறத்தை அடுத்த சிற்றூர். இன்று கியோத்தோ மாநகரின் ஒரு பகுதி. பாஷோவின் மாணவர் கியொராய்க்கு அங்கு ஒரு பழைய வீடு இருந்தது. அதனைச் சூழ்ந்து, ‘காக்கி’ என ஜப்பானியர் வழங்கும் பழமரங்கள் நாற்பது நின்றன. ஒருமுறை வணிகர் ஒருவர் அவற்றின் விளைச்சல் முழுவதற்கும் பணம் கொடுத்துச் சென்றார். அன்றிரவே காய்கள் அனைத்தும் உதிர்ந்தன. கியொராய் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டிற்கு ‘ரக்குஷிஷா’, அதாவது ‘காக்கிப் பழம் உதிர்ந்த குடில்’ எனப் பெயரிட்டார்.

சந்திரமானக் கணக்கில் அவ்வாண்டின் நான்காம் திங்கள் 18ஆம் நாள் பாஷோ அக்குடிலுக்கு வந்தார். அவருக்காகக் காகிதக் கதவுகள் செப்பனிடப்பட்டன, களைகள் பறிக்கப்பட்டன. ஒரு மேசை, ஒரு மைக்கல், சீனக் கவிஞர் பாய் ஜூயியின் தொகுப்பு, ‘கெஞ்சி கதை’, ‘தோசா நாட்குறிப்பு’ முதலிய சில நூல்கள், ஐந்தடுக்கு அரக்குப் பெட்டி நிறையத் தின்பண்டங்கள், ஒரு சாடி அரிசி மது ஆகியவை அவர் முன் வைக்கப்பட்டன. தம் வறுமையை மறந்து ஓய்வில் மகிழ்வதாக அவர் எழுதுகின்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வடநாட்டின் நெடுவழிகளைக் கால்நடையாகக் கடந்தவருக்கு இவ்வோய்வு சிறிய பேறன்று.

நண்பகல் உலா

மறுநாள் நண்பகலுக்குப் பின் ரின்சென்ஜி என்னும் கோயிலுக்குச் சென்றனர். முன்னே ஓயி ஆறு. வலப்புறம் அராஷியாமா மலை. வழியெங்கும் வழிபடுவோர் கூட்டம். மூங்கிற் புதர்களுக்கிடையே அவர்கள் நாடிச் சென்றது கோகோ என்னும் அரண்மனைப் பெண் வாழ்ந்த இடமாகும். ‘ஹெய்க்கே கதை’ கூறும் வரலாறு இது. பேரரசர் தகாகுராவின் அன்புக்குரிய அவள், அதிகாரம் படைத்த கியோமோரிக்கு அஞ்சிச் சாகாவில் மறைந்து வாழ்ந்தாள். நிலவொளியில் குதிரை மீது தேடிவந்த நக்ககுனி என்னும் அரசப் பணியாளர், அவள் மீட்டிய கோத்தோ என்னும் நரம்புக் கருவியின் ஒலி கொண்டு அவளைக் கண்டறிந்தார்.

அவள் வீடு இருந்ததாகச் சாகாவில் மூன்று இடங்கள் காட்டப்பட்டன. பாஷோ மூன்றையும் குறிக்கின்றார். எது உண்மை என வினவுகின்றார். நக்ககுனி குதிரையை நிறுத்திய பாலம் அருகில் இருப்பதால், இப்போதைக்கு இவ்விடத்தையே கொள்ளலாமோ என எழுதி அமைகின்றார். துணியாத இடத்தில் துணிந்ததாகக் காட்டாத இந்நேர்மை வரலாற்றாசிரியர்க்கும் வேண்டுவதாகும்.

உறங்காத இரவு

20ஆம் நாள் வடசாகாவின் திருவிழாவைக் காண உகோ என்னும் துறவுக்கோலம் பூண்ட பெண் கவிஞர் வந்தார். அவர் கணவர் பொன்ச்சோவும் உடனிருந்தார். அவர் கியோத்தோவில் மருத்துவர், கவிஞர். கியொராயும் நகரிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் அண்ணியார் தின்பண்டங்களும் கறிவகைகளும் அனுப்பியிருந்தார். அன்றிரவு மேலோர் கீழோர் என்ற வேறுபாடின்றி ஐவர் ஒரே கொசுவலைக்குள் படுத்தனர். நெருக்கத்தால் உறக்கம் வரவில்லை. நள்ளிரவு கடந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, பகலில் மிஞ்சிய பண்டங்களையும் மதுக்கிண்ணங்களையும் எடுத்து வைத்து விடியும்வரை பேசினர். முந்தைய கோடையில் பொன்ச்சோவின் வீட்டில், சிறிய கொசுவலை ஒன்றில் நான்கு நாட்டார் நால்வர் முடங்கிக் கிடந்ததை நினைந்து சிரித்தனர். மறுநாள் மழை பெய்தது. உறக்கமிழந்த பாஷோ நாள் முழுதும் படுத்திருந்தார்.

இச்சிரிப்புக்கு நடுவே ஒரு பெரும்பணியும் நிகழ்ந்துகொண்டிருந்தது. பாஷோ மரபின் தலையாய தொகுப்பு எனப் போற்றப்படும் ‘சருமினோ’ அவ்வாண்டே வெளிவந்தது. தொகுத்தவர்கள் கியொராயும் பொன்ச்சோவும். ஆசிரியரைக் காட்டிலும் மிகுதியாக, 41 ஹைக்கூக்கள் பொன்ச்சோவுடையவை. உகோவின் கவிதைகளும் இடம்பெற்றன. பொன்ச்சோவின் ஒரு கவிதைக்கு முதலடி அமையாமல் வட்டமே முயன்றது. இறுதியில் கியோத்தோவின் எளிய மக்கள் வாழும் கீழ்நகரின் பெயரைப் பாஷோ முதலடியில் வைத்தார். இதனினும் சிறந்ததை எவரேனும் காட்டினால் இனிக் கவிதை பற்றிப் பேசுவதில்லை என்றும் உரைத்தார். கவிதை இன்றும் பொன்ச்சோவின் பெயரிலேயே நிற்கின்றது.

கலைந்த வட்டம்

இந்நட்பு நிலைத்திருக்கவில்லை. தொகுப்பு வெளிவந்த பின் பொன்ச்சோ ஆசிரியரை விட்டு விலகினார். பின்னர் வழக்கொன்றில் சிறைப்பட்டார். அதற்கு முன்பே, கையில் இல்லாத அரிசியை விற்ற குற்றத்திற்காக நகோயாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட அன்பு மாணவர் தோகொக்கு 1690இல் மறைந்திருந்தார். சாகாவில் ஓரிரவு அவரைக் கனவில் கண்டு பாஷோ அழுதபடி விழித்தார். 1694இல் ஒசாகாவில் இரு மாணவர்களுக்கிடையே மூண்ட பூசலைத் தீர்க்கச் சென்ற பாஷோ, அங்கேயே நோயுற்று உயிர்நீத்தார்.

கியொராய் மட்டும் கேட்டவற்றைக் குறித்து வைத்தார். முதலடி பற்றிய செய்தியை நாம் அறிவது அவர் எழுதிய ‘கியொராய் ஷோ’ வழியாகத்தான். அவர் 1704இல் மறைந்தார். அந்நூல் 1775இல்தான் அச்சேறியது. வட்டங்கள் கலைவது இயல்பு. ஆயின், ஒருவர் குறித்து வைத்தால் அதன் உறக்கமற்ற ஓர் இரவும் அழிவதில்லை.

ஐந்தாம் திங்கள் 4ஆம் நாள், மறுநாள் பிரியவேண்டிய குடிலைப் பாஷோ அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார். நாட்குறிப்பு அத்துடன் முடிகின்றது.