உருட்ட வராத இரும்பு

"மலருக்கு ஏதாவது டெக்னிக்கலா எழுதுப்பா" என்று சங்கச் செயலாளர் கட்டளை. மோட்டார் வடிவமைப்பு என் பிழைப்பு. ஆகவே மோட்டாருக்குள் இருக்கும் இரும்பின் கதையையே எழுதுகிறேன்.

"கோர் ஏன் தகடு தகடாக இருக்கிறது?" என்று வைவாவில் கேட்பார்கள். "எடி கரன்ட் சார்" என்று ஒப்பிப்போம். அந்தத் தகட்டுக்கும் வரலாறு உண்டு. இரும்பில் சிலிக்கான் கலந்தால் எளிதில் காந்தமாகிறது, இழப்பும் குறைகிறது என்று 1900-இல் பாரெட், பிரவுன், ஹாட்ஃபீல்ட் மூவரும் வெளியிட்டார்கள். ஹாட்ஃபீல்ட் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து உருக்காலைக்காரர். 1934-இல் அமெரிக்கர் நார்மன் காஸ், படிகங்களை ஒரே திசையில் நிறுத்தும் உருட்டு முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய டிரான்ஸ்ஃபார்மர் தகடு அந்த வழி வந்ததுதான்.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. சிலிக்கான் 6.5 சதவீதமானால் மின்தடை நன்றாக ஏறும். காந்தமாகும்போது நீளம் மாறும் குணமும் கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால் டிரான்ஸ்ஃபார்மரின் முனகல் குறையும். ஆனால் உருட்டப் போனால் அப்பளம் மாதிரி நொறுங்கிடும்! எனவே சாதாரணத் தகடு மூன்று, மூன்றரை சதவீதத்தோடு நின்றுவிட்டது. 1993-இல் ஜப்பானின் என்.கே.கே. நிறுவனம் சாமர்த்தியம் காட்டியது. குறைந்த சிலிக்கானில் தகட்டை முதலில் உருட்டிவிட்டு, பிறகு வாயு மூலம் மீதி சிலிக்கானை உள்ளே ஏற்றியது. நல்ல சரக்கு, விலைதான் எட்டாது.

உருட்டாமலே செய்தால்? 1990-களின் நடுவில் ஜெர்மனியின் ஆகன் நகரில், உலோகப் பொடியை அடுக்கடுக்காகப் பரப்பி லேசரால் முழுதாக உருக்கும் முறை உருவானது. 2016-இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 6.9 சதவீத சிலிக்கான் இரும்பையே இப்படி அச்சிட்டுக் காட்டினார்கள். அச்சிட்டதும் காந்தகுணம் சுமார்தான். உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் வைத்து எடுத்த பிறகே தேறுகிறது.

சரி, ஜெயித்தாச்சா? இல்லை. அச்சிட்டது ஒரே கட்டி, தகடு எங்கே? பழைய வைவா கேள்வி திரும்ப வந்து நிற்கிறது. கட்டிக்குள்ளேயே மெல்லிய இடைவெளிகள் விட்டு எடி கரன்டின் பாதையை நீட்டிப் பார்க்கிறார்கள். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் 2020-களில் ஹில்பர்ட் வளைவின் வடிவில் இரும்பை அச்சிட்டார்கள். பார்க்க நம்ம வீட்டு வாசல் கோலம் போல, கையெடுக்காமல் வளைந்து வளைந்து போகும். ஹாட்ஃபீல்டின் அதே ஊர்!

மாணவத் தம்பி தங்கைகளே, லேபில் பழைய கோர் ஏதும் பிரிந்து கிடந்தால் ஒரு ஸ்டாம்பிங்கை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டர் இருக்கும், அல்லது அதற்கும் குறைவு. அச்சில் அவ்வளவு மெல்லிய சுவர் எழுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. இடைவெளி குறுகினால் உருகாத பொடி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அகன்றால் இரும்புக்கு இடம் போச்சு. எங்கள் தொழிலில் இப்போது இழுபறி நடப்பது அங்கேதான்.