நாலரை அங்குலம்

கல்லடியில் இருக்கிற எங்கட கூட்டாளி ஒருத்தன் பஞ்சிகாவத்தையில் இருந்து நாலு அலோய் ரிம் வாங்கிக்கொண்டு வந்தான். 15 அங்குலம், 8ஜே அகலம், விலையைக் கேட்கவேண்டாம். அவனிடம் இருக்கிறது அவன்ட அப்பா ஹயர் ஓடின டொயோட்டா கேஈ70 கொரோலா. அப்பா இப்ப இல்ல. காரை வித்துப்போடு எண்டு வீட்டில் சொன்னார்கள். இவன் விக்காமல், மட்காட்டை வெட்டி அகலமாக்கி 'வைட்பொடி' செய்யவேணும் எண்டு நின்றான். ரிம்மைத் தூக்கி வைத்தால் ஸ்டட் ஓட்டைக்குள் போகேல்ல. ஓட்டை நாலுதான், ஆனால் அந்த நாலும் நிற்கிற வட்டம் வேறு. காரில் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர். ரிம்மில் 100.

114.3 எண்டால் என்ன கணக்கு? எங்களுக்கும் முதலில் விளங்கேல்ல. 25.4ஆல் பிரித்துப் பார்த்தால் சரியாக நாலரை அங்குலம். அமெரிக்க ஃபோர்ட் மஸ்டாங்கின் ஐந்து நட்டும் நிற்கிறது இதே நாலரை அங்குல வட்டத்தில்தான். ஜப்பான்காரன் மில்லிமீற்றரில் வரைந்தாலும் அங்குலம் அவன்ட சில்லுக்குள் கிடந்தது. 1979இல் வந்த கேஈ70 வரை கொரோலா பின்சில்லால் ஓடுகிற கார். 1983இல் அடுத்த தலைமுறை வந்தபோது சாதாரண கொரோலா முன்சில்லால் இழுக்கிற காராக மாறியது. அதோடு வட்டம் 100 ஆயிற்று. வட்டம் மட்டுமில்ல, ரிம்மின் வயிறும் மாறியது. ஒரே சில்லு இழுக்கவும் வேணும் திரும்பவும் வேணும் எண்டதால், அச்சு போய்ப் பொருந்துகிற முகத்தை ரிம்மின் வெளிப்பக்கமாகத் தள்ளினார்கள். இதைத்தான் ஒவ்செட் எண்கிறது. முந்தின கார்களின் ரிம்மில் ஒவ்செட் சைபருக்குக் கிட்ட, முன்சில்லுக் கார்களில் 35, 40 எண்டு ஏறும். நம்மட கூட்டாளி வாங்கினது 1983க்குப் பிந்தின உலகத்துக்குச் செய்த ரிம். அவன்ட கார் முந்தின உலகம்.

வைட்பொடி எண்ட எண்ணமே எங்கிருந்து வந்தது? பந்தயத்தில் இருந்து. அகலமான டயர் நிலத்தை நல்லாகப் பிடிக்கும். அகல டயர் போட்டால் மட்காட்டுக்கு வெளியே நிற்கும். வெளியே நிற்கிறதை மூடவேணும். 1971இல் நிசான் தன்ட பெயார்லேடி 240இசட்ஜீயை மட்காட்டுக்கு மேல் தனி வளைவு பூட்டி விற்றது. அடுத்த வருசம் வந்த கொரோலா லெவினிலும் அதே மாதிரி. அதாவது நம்மட கொரோலாவின் மூத்த தலைமுறையிலேயே கம்பனியே இந்த வேலையைச் செய்திருக்கு. 1976இல் ஐரோப்பியப் பந்தயத்தில் குரூப் 5 விதிகள் வந்து, மட்காட்டை நினைத்த மாதிரி அகலமாக்கலாம் எண்டானதும் போர்ஷே 935 பிறந்தது. இண்டைக்கு யூடியூபில் நாங்கள் வாயைப் பிளந்து பார்க்கிற லிபர்ட்டி வோக், நகாயி அகிராவின் ஆர்டபிள்யூபி எல்லாம் இந்த வழியில் வந்த பிள்ளைகள்தான்.

ஆனால் வழியில் ஒண்டு தலைகீழாகிப் போச்சு. அவர்களுக்கு முதலில் டயர், அதை மூட மட்காட். எங்களுக்கு முதலில் மட்காட், அதை நிரப்ப ஒரு சில்லு. ஸ்பேசர் எண்ட தட்டு ரோட்டுக் காருக்குள் இவ்வளவு வந்தது பாதிக்கு மேல் இதனால்தான் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

சில்லை அகலமாக்கிறது எங்கட ஊருக்குப் புதிசும் இல்ல. படுவான்கரை வயலில் உழுத பழைய மெஸி பேர்கசன் மெசினைப் பாருங்கள். பெரிய பின்சில்லின் ரிம்மையும் நடுத் தட்டையும் கழற்றிப் புரட்டிப் புரட்டிப் பூட்டினால், இரண்டு சில்லுக்கும் இடைத்தூரம் 48 அங்குலத்தில் இருந்து 76 அங்குலம் வரை, நாலு நாலு அங்குலமாகக் கூடும். 1946இல் வந்த பழைய பேர்கசன் டீஈ20இலேயே இந்த ஏற்பாடு இருந்தது. சேற்றுக்கு இரும்புக் கேஜ் சில்லு வேறு. எங்கட மாமாமாருக்கு ஒவ்செட் எண்ட சொல் தெரியாது, வேலை தெரியும். அந்த மெசினின் அச்சு 76 அங்குலத்தையும் தாங்கட்டும் எண்டு நினைத்தே செய்தது. கொரோலாவின் அச்சு அப்படியில்ல.

அகலத்துக்கு இங்க இன்னொரு எல்லையும் இருந்தது. கல்லடிப் பழைய பாலம் ஒரு வாகனம் போகிற அகலம்தான். அந்தப் பக்கத்தால் பஸ் வந்தால் இந்தப் பக்கம் நிற்கவேணும். புதுப் பாலம் வந்தது 2013இல். மண்முனைக்குப் பாலம் 2014இல்தான், அதுவரை வாவியைக் கடக்கிறது பாதையில. (வெளியூர் வாசகருக்கு: பாதை எண்டால் இங்க ரோட்டு இல்ல, வாகனம் ஏற்றுகிற மிதவை.) பாதைக்கு முறை பார்த்து நின்ற காலத்தில் எவன் மட்காட்டை அகலமாக்க நினைப்பான்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, சொந்தக் கார்களுக்கு 2025இல்தான் திறந்தார்கள். அந்த அஞ்சு வருசத்தில் புதுக் கார் கனவு போய், வீட்டில் நின்ற பழசுதான் எங்கட பொடியன்களுக்குக் கார் ஆயிற்று.

சரி, கணக்குக்கு வருவம். 6ஜே ரிம், ஒவ்செட் 35 எண்டு வைப்பம். அதை 8ஜே, ஒவ்செட் 10 ஆக மாற்றினால் உள்பக்க விளிம்பு அரை மில்லிமீற்றர்கூட நகராது. வெளிப்பக்கம் 50 மில்லிமீற்றர் வரும். வைட்பொடிக்கு வேண்டியது இதுதான். அதே 6ஜே ரிம்முக்கு 25 மில்லிமீற்றர் ஸ்பேசர் போட்டால் வெளியே 25 வரும், உள்ளே 25 சும்மா வெறுமையாகும். இரண்டிலும் சில்லின் நடுக்கோடு 25 மில்லிமீற்றர் வெளியே போகுது, பேரிங்குக்கு விழுகிற நெம்பு இரண்டிலும் கூடும். ஸ்பேசரில் அதுக்கு மேல் இன்னொரு பொருத்து வருகுது. காரில் ஸ்பேசரைப் பூட்டுகிற நாலு நட், ஸ்பேசரில் ரிம்மைப் பூட்டுகிற நாலு நட். உள்ளே இருக்கிற நாலும் ரிம்மைக் கழற்றாமல் கண்ணுக்குத் தெரியாது.

கூட்டாளி கேட்டானா? 114.3ஐ 100 ஆக்குகிற ஸ்பேசரை ஒரு பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து எடுத்தான். நடு ஓட்டை அச்சுக் குடத்தின் விளிம்பில் இறுகப் பிடிக்கவேணும். இவன்டது தளர்ச்சி. அப்படியெண்டால் சில்லு குடத்தில் உட்காராது, ஸ்டட்டில் தொங்கும். அதோடு நிசான் நட் இரண்டு கலந்துபோச்சு. டொயோட்டா ஸ்டட்டின் புரி இடைவெளி 1.5, நிசானுக்கு 1.25. இரண்டும் 12 மில்லிமீற்றர் எண்டதால் முதல் சுற்று ஏறும். மறுகா இறுகும். இறுகினதை 'நல்ல டைட்' எண்டு நினைத்தார்கள். உண்மையில் புரி தின்றுபட்டது.

களுவாஞ்சிகுடிக்குப் போகேக்க 60க்கு மேல் ஸ்டேரிங் நடுங்கினது. பின் சீற்றில் அவன்ட தங்கச்சியும் எங்களில் இரண்டு பேரும். சில்லு பலன்ஸ் இல்ல எண்டு சொல்லிக்கொண்டு போனம். செட்டிபாளையத்துக்குக் கிட்ட முன் இடது பக்கம் டக் எண்டு ஒரு சத்தம். நிற்பாட்டிப் பார்த்தால் இரண்டு ஸ்டட் முறிந்து, மிச்சம் இரண்டில் சில்லு சாய்ந்து நிற்குது. ஒருத்தரும் கதைக்கேல்ல. தங்கச்சி மட்டும், "அப்பா இருந்திருந்தா இதில ஏறவே விட்டிருக்கமாட்டார்" எண்டாள். லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தம்.

அந்த 15 அங்குல ரிம் நாலையும் நட்டத்துக்கு வித்தான். ஆறு மாதம் தேடி 14 அங்குலம், 7ஜே, ஒவ்செட் சைபர், 114.3 வட்டத்திலேயே ஒரு பழைய செற் பிடித்தான். ஸ்பேசர் இல்ல. ஸ்டட் எல்லாம் புதிசு, பேரிங் புதிசு, ஒவ்வொரு நட்டும் எட்டுச் சுற்றுக்குக் குறையாமல் ஏறுதா எண்டு எண்ணிப் பார்த்துப் பூட்டினது. மட்காட் வளைவைச் சில்லுக்கு ஏற்ற மாதிரி மெல்லிசாக அடித்து, ஸ்க்ரூவில் பிடித்திருக்கிறான். படத்தில் பார்க்கிற அகலம் இல்ல. அரசடியில் முழுசாகத் திருப்பினால் வலது பக்கம் இன்னும் உரசுது. அதுக்கு உள் விளிம்பை மடிக்கவேணும், அடுத்த சம்பளத்துக்கு எண்டு சொல்லியிருக்கிறான். தங்கச்சி இப்ப முன் சீற்றில் ஏறுகிறாள்.