இடுப்பில் ஒரு பை

சுருக்குப்பை என்றால் இந்தக் காலத்தில் சிரிக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். என் பாட்டி இடுப்பில் செருகியிருந்த அந்தச் சிவப்புத் துணிப் பைக்குள்ளிருந்து வெற்றிலை வரும், கொட்டைப்பாக்கு வரும், பத்துப் பைசா வரும். எனக்கென்று பத்திரப்படுத்திய கல்கண்டுத் துண்டு ஒன்றும் புகையிலை வாசனையோடு சில நாள் வந்து சேரும். அதை வாயில் போட்டுக்கொண்டே அந்தப் பையைக் கேலி செய்வேன். நன்றி கெட்ட ஜன்மம்!

அந்தப் பையைப் பற்றி ஒரு நாள் உட்கார்ந்து எழுதுவேன் என்று நான் கனவிலும் கருதியதில்லை. எழுத வைத்தது பருவதமலை.

திருவண்ணாமலை ஜில்லாவில் போளூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த மலை. உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். காலையில் ஏறிச் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடலாம். ஆனால் உச்சியை நெருங்கும் இடத்தில் பாதை என்று ஒன்று கிடையாது. செங்குத்தான பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து, சங்கிலியும் கட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, குழந்தை மாதிரி தவழ்ந்து ஏற வேண்டும். தோளில் ஒரு ஜோல்னாப் பை தொங்கினால் போதும். அது ஒரு பக்கம் ஆடி, ஆளையும் அந்தப் பக்கமே இழுத்துவிடும்.

ஆகையால் இடுப்பில் கட்டும் பை ஒன்று வாங்கினேன். கடைப் பையன், "சார், இதுதான் இப்போ ஓடுது" என்றான். அது கடையில்தான் ஓடியது, மலையில் ஓடவில்லை. ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை, வயிற்றுக்கு முன்னால் ஒரு மூட்டை. அதற்குள் தண்ணீர்ப் பாட்டில், மூக்குக் கண்ணாடி, சாவி, குளுகோஸ் மிட்டாய். முதல் ஐந்நூறு படி ஏறுவதற்குள் அது என் தொப்பையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. இறுக்கினால் மூச்சு முட்டுகிறது. தளர்த்தினால் தொடைக்கு இறங்குகிறது. முழங்காலைத் தூக்கும்போதெல்லாம் ஓர் இடி.

என் அவஸ்தையைப் பார்த்த மாப்பிள்ளை, "மாமா, அதை இப்படிக் குடுங்க. என் முதுகுப் பையில போட்டுக்கறேன்" என்றார்.

"அதுல மிட்டாய் இருக்கு, மாப்பிள்ளை."

"நான் எங்க போயிடப் போறேன்? கூடத்தானே வர்றேன்!"

கூட வருவதாகத்தான் அவரும் நினைத்தார். முப்பது வயதுக் கால் அறுபத்தைந்து வயதுக் காலோடு எத்தனை நேரம் சேர்ந்து நடக்கும்? கடப்பாறைப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நடுவில் பத்துப் பதினைந்து பேர் புகுந்துவிட்டார்கள். அவர் மேலே போய்விட்டார்.

எனக்குச் சர்க்கரை வியாதி இருபது வருஷமாக இருக்கிறது. விடியற்காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டவன், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன். அதன் பலனைக் கடப்பாறையின் அடியில் நிற்கும்போது அனுபவித்தேன். வெயில் இன்னும் ஏறவில்லை. சட்டையோ தொப்பலாக நனைந்துவிட்டது. கை நடுங்கியது. சங்கிலி இரண்டாகத் தெரிந்தது. எதைப் பிடிப்பது? என்னைக் காப்பாற்றக் கூடிய பொருள் என் தலைக்கு மேலே நூறு அடி உயரத்தில், வேறொருவர் முதுகில், ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் குரல் எழும்பவில்லை. பாறையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கி வந்த கிழவி ஒருத்தி நின்றாள். "என்னய்யா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"சர்க்கரை" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவள் வேறு கேள்வி கேட்கவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவினாள், நாடாவைத் தளர்த்தினாள், வெற்றிலைக் காம்புக்கும் சில்லறைக்கும் நடுவிலிருந்து ஒரு வெல்லக் கட்டியை எடுத்து என் வாயில் திணித்தாள். இன்னொன்றைக் கையில் வைத்து மூடினாள். கால் மணி நேரத்தில் சங்கிலி மறுபடி ஒன்றாகிவிட்டது. மாப்பிள்ளை அலறியடித்துக்கொண்டு இறங்கி வந்தபோது கிழவி போய்விட்டிருந்தாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பை என் மனத்தை விட்டுப் போகவில்லை. மலைக்குப் போகிறவன் இடுப்பில் பை கட்டும் வழக்கம் எவ்வளவு பழையது என்று பார்க்கப் புறப்பட்டேன். போகப் போக, கிழவிக்கு ஒரு பங்காளி அகப்பட்டான். அவளைவிட 5,300 வருஷம் மூத்தவன்.

1991-ஆம் வருஷம் செப்டம்பர் 19-ஆம் தேதி, ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவே உள்ள ஆல்ப்ஸ் மலையில், 3,210 மீட்டர் உயரத்தில், ஜெர்மன் தம்பதி ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். உருகும் பனிக்கு வெளியே ஒரு மனிதனின் முதுகு தெரிந்தது. யாரோ சமீபத்தில் வழி தவறி இறந்தவன் என்றே எல்லாரும் எண்ணினார்கள். வெளியே எடுப்பதற்கு யந்திர உளியைக் கொண்டு பனியைக் குடைந்தபோது, அது அவனுடைய இடது இடுப்பையே சேதப்படுத்திவிட்டது. பிறகு இன்ஸ்ப்ரூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த கொன்ராட் ஸ்பிண்ட்லர் என்ற தொல்பொருள் அறிஞர் வந்து, கூடக் கிடந்த கோடரியைப் பார்த்தார். குறைந்தது நாலாயிரம் வருஷத்துக்கு முந்தியது என்றார். அவர் சொன்னதும் குறைவுதான் என்று பின்னால் தெரிந்தது. பிரமிடுகள் எழும்புவதற்கு முன்பே மலையேறிய ஆசாமி! ஓட்ஸி என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள். 1998 முதல் இத்தாலியின் போல்சானோ நகரத்துக் காட்சிசாலையில் குளிர் அறைக்குள் படுத்திருக்கிறான்.

அரசர்களின் கல்லறையைத் திறந்தால், செத்தவனுக்கு மற்றவர்கள் வைத்த சாமான்கள்தான் கிடைக்கும். ஓட்ஸியிடம் கிடைத்ததெல்லாம் அவன் வழிநடைக்காகத் தானே எடுத்து வைத்துக்கொண்டவை. இது எப்பேர்ப்பட்ட அதிசயம், பாருங்கள்! செப்புக் கோடரி, இன்னும் செதுக்கி முடியாத வில், பதினான்கு அம்புகள், அவற்றில் இரண்டு மட்டுமே தயார், முதுகில் சுமக்கும் மரச்சட்டம் ஒன்று, பூர்ஜ மரப்பட்டையில் செய்த இரண்டு பாத்திரங்கள். இவற்றோடு, கன்றுத்தோலில் ஒரு இடுப்புப் பட்டை. அந்தப் பட்டையின்மேல் வைத்துத் தைத்த ஒரு சின்னப் பை. வாயை மெல்லிய தோல்வாரால் கட்டியிருந்தது. சுருக்குப்பையின் அண்ணன்தான், சந்தேகமில்லை.

உள்ளே என்ன? சிக்கிமுக்கிக் கல்லில் செய்த சுரண்டி ஒன்று, துளைபோடும் ஊசிக்கல் ஒன்று, கூரான சில்லு ஒன்று, எலும்பில் செய்த குத்தூசி ஒன்று. மிச்ச இடத்தை எல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்பாக ஏதோ திணித்திருந்தது. மரத்தில் முளைக்கும் ஒருவகைக் காளான் அது. பஞ்சு மாதிரி நெருப்புப் பிடிக்கும். அதில் நெருப்புக் கல்லின் துகள்கள் ஒட்டியிருப்பதைக் கண்டார்கள்.

இங்கேதான் என் மனம் நின்றுவிட்டது. ஓட்ஸியின் மரப்பட்டைப் பாத்திரம் ஒன்றில் பச்சை மேப்பிள் இலைகளும் கரித்துண்டுகளும் இருந்தன. அதாவது, கனலை இலையில் பொதிந்து பாத்திரத்தில் எடுத்துப் போவது அவன் வழக்கம். வழியில் அந்தக் கனல் அணைந்து போனால்? பாத்திரமே கை தவறி உருண்டால்? அதற்குத்தான் இடுப்பில் காளான். பனிமலையில் நெருப்பு இல்லாதவன் ராத்திரியைத் தாண்டமாட்டான். பெரிய சாமானை முதுகில் போட்டான். உயிரை இடுப்பில் கட்டிக்கொண்டான். நானோ உயிரை மாப்பிள்ளை முதுகில் போட்டுவிட்டேன்!

பாவம், அந்தப் பையும் அவனைக் கடைசியில் காப்பாற்றவில்லை. 2001-இல் எடுத்த எக்ஸ்ரே படத்தில் இடது தோளுக்குள் ஓர் அம்பு முனை தெரிந்தது. பின்னாலிருந்து யாரோ எய்திருக்கிறார்கள். நெருப்புக்கு வழி வைத்திருந்தவன் பகைக்கு வழி வைக்கவில்லை.

இன்னொரு சங்கதி. அவன் உடம்பில் 61 பச்சைக் குத்துக்களை எண்ணியிருக்கிறார்கள். பெரும்பாலும் கோடுகள். கீழ் முதுகு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுத் தேய்ந்து வலித்திருக்கக் கூடிய இடங்களில் அவை அதிகம். வைத்தியத்துக்காகக் குத்தியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். நாற்பத்தைந்து வயதிலேயே அவனுக்கு இடுப்பு வலி! மலை ஏறி இறங்கும் கிழவர்கள் சங்கத்தில் அவனை ஆயுள் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அவனுக்குப் பின் வந்தவர்களும் இடுப்பை விட்டுவிடவில்லை. உடையில் பை தைக்காத தேசங்களில் எல்லாம் இடுப்புதான் பெட்டி. கிமோனோ அணிந்த ஜப்பானியர் மருந்துச் சிமிழையும் புகையிலைப் பையையும் இடுப்புக் கச்சையிலிருந்து தொங்கவிட்டார்கள். கயிறு நழுவாமல் இருக்க மேல் நுனியில் கட்டிய குமிழைத் தந்தத்தில் எலியாகவும் தவளையாகவும் செதுக்கி, அதையே பெரிய கலையாக்கிவிட்டார்கள். ஸ்காட்லாந்து மலைக்காரர்கள் குட்டைப் பாவாடைக்கு முன்னால் தோல்பை கட்டினார்கள். இங்கிலாந்துப் பெண்கள் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய இருநூறு வருஷம், பாவாடைக்கு உள்ளே நாடாவில் கோத்த துணிப்பைகளை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். பாவாடையின் பக்கத்தில் உள்ள பிளவு வழியே கையை விட்டால் சாவி, ஊசி, பணம் எல்லாம் வரும். 1790-களில் உடம்போடு ஒட்டிய மெல்லிய கவுன்கள் வந்து அந்தப் பைகளுக்கு உலை வைத்தன. நம் பாட்டிமார் அப்படிப்பட்ட நாகரிகத்துக்கு மசியவில்லை.

சரி, மலைக்கு ஏற்ற பை எது? இதற்குப் பதிலை ஓர் அமெரிக்கர் வேறொரு பையிலிருந்து கண்டுபிடித்தார். கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் 1952-இல் அலுமினியச் சட்டம் வைத்த முதுகுப் பைகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். அவரும் மலை நடைப் பிரியர். சட்டத்தின் கீழ் நுனிகளைக் கால்சட்டையின் பின்பைகளில் செருகிப் பார்த்தபோது, தோளின் பாரம் சட்டென்று குறைந்ததை அவர் உணர்ந்ததாகச் சொல்வார்கள். இடுப்பெலும்பு சுமந்துகொண்டது. அதிலிருந்து அவருடைய பைகளுக்கு இடுப்புப் பட்டை வந்தது.

என் பையின் குற்றம் அப்போதுதான் புரிந்தது. அது எலும்பின்மேல் உட்காரவே இல்லை; வயிற்றில் உட்கார்ந்தது. வயிறு ஏறுகிறவனுக்கு மூச்சு விடும் இடம், சுமை வைக்கும் இடமா? இரண்டு பக்கமும் எலும்பின் மேல் விளிம்பைத் தழுவி நிற்கும்படி, நாலு விரல் அகலத்துக்கு மெத்தென்ற பட்டை வேண்டும். பாரம் பின்னால், முதுகின் பள்ளத்தில், உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். தண்ணீரை ஒரே பாட்டிலாக நடுவில் வைக்காமல் இரண்டாகப் பிரித்துப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தால் ஆட்டம் அடங்கிவிடும். இரண்டு கிலோவுக்கு மேல் போனால் இடுப்புப் பை சரிப்படாது, முதுகுப் பைதான். இன்னொன்று, கடையில் காலிப் பையைக் கட்டிப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் இரண்டாவது தடவை போனபோது வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனேன். பையில் போட்டுக் கட்டிக்கொண்டு, கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். பிறகு தரையில் உட்கார்ந்து எழுந்தேன். கடைப் பையன் முதலாளியை ஜாடை காட்டிக் கூப்பிட்டான். பாதகமில்லை.

மாசியில் மறுபடியும் பருவதமலைக்குப் போனோம். புதுப் பை ஏறும்போது ஒரு சத்தம் செய்யவில்லை. பட்டையின் வலப்பக்கத்தில் கைக்கு எட்டும்படி ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் நாலு வெல்லக் கட்டிகள். கடப்பாறையின் அடியில் கொஞ்ச நேரம் நின்று, இறங்கி வருகிற கிழவிகளின் முகத்தை எல்லாம் பார்த்தேன். அவள் இல்லை.

"யாரைத் தேடறீங்க, மாமா?" என்றார் மாப்பிள்ளை. இந்தத் தடவை அவர் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கி, "எனக்கும் ஒரு கட்டி குடுங்க" என்று கையை நீட்டினார்.