தண்ணியில்லாத ஏரியும் ஸ்வெட்டர் போட்ட பிள்ளையாரும்

எங்கள் கிளைக்கு மதுரையிலிருந்து மாற்றலாகி ஒரு தம்பி வந்திருக்கிறார். வந்த இரண்டாம் நாளே கேட்ட கேள்வி: "சார், ஞாயித்துக்கிழமை பசங்களை எங்க கூட்டிட்டுப் போறது? மால் வேண்டாம் சார், போன தடவையே பர்ஸ் காலி."

சின்னக் கேள்விதான். பதில் மட்டும் 1749-லிருந்து ஆரம்பிக்கிறது. அவரிடம் லஞ்ச் டைமில் பாதி சொன்னேன். மீதி இங்கே.

நாங்கள் இருப்பது விஷ்ராந்த்வாடி. மராத்தியில் விஷ்ராந்தி என்றால் இளைப்பாறுதல். பேரில்தான் இளைப்பாறுதல், ஆளந்தி ரோட்டு டிராஃபிக்கில் அதைத் தேடினால் கிடைக்காது. அதனால் சில வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை, பெரியவனுக்கு ஏழு, சின்னவளுக்கு நாலு வயசு இருக்கும்போது, வெளியே கிளம்பினோம். பாங்க் ஆபீசர் புத்தி சும்மா இருக்குமா? எக்செல் ஷீட் போட்டேன். காலை எட்டரைக்கு ஆகா கான் மாளிகை, பத்தரைக்கு பண்ட் கார்டன், பன்னிரண்டுக்கு சாரஸ்பாக், மூன்று மணிக்கு காத்ரஜ் மிருகக்காட்சி சாலை. தங்கமணி ஷீட்டைப் பார்த்துவிட்டு, "இது பிக்னிக்கா, பிராஞ்ச் இன்ஸ்பெக்‌ஷனா?" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. கிளம்பவே பத்து ஆகிவிட்டது. நேராக சாரஸ்பாக் போனோம், மற்ற மூன்றும் ஷீட்டோடு நின்றுவிட்டன.

சாரஸ்பாக் பர்வதி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு பிள்ளையார் கோயில். ஊர்க்காரர்கள் அவரை 'தள்யாத்லா கண்பதி' என்பார்கள், அதாவது ஏரிக்குள் இருக்கும் கணபதி. நானும் பெருமையாக மொழிபெயர்த்துச் சொன்னேன். சின்னவள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏரி எங்கப்பா?"

புல்தரைதான் இருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தது அந்தக் கேள்வியால்தான்.

பர்வதி மலைமேல் 1749-ல் கோயில் கட்டியவர் பேஷ்வா நானாசாகேப். அடிவாரத்தில் ஏரி வெட்டி, நடுவே ஒரு தீவை விட்டு, அதில் தோட்டம் வைத்ததும் அவர் காலத்தில்தான். பேஷ்வாக்கள் அங்கே படகில் போவார்கள். ராஜாங்க ரகசியங்களைப் படகில் வைத்துத்தான் பேசினார்கள், மராத்தி தெரியாத ஆப்பிரிக்கர்களைத் துடுப்புப் போட வைத்தார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

1761 ஜனவரி 14-ல் பானிபட் போர். நானாசாகேபின் மூத்த மகன் விஸ்வாஸ்ராவ், இருபது வயதுகூட நிரம்பாதவன், அங்கே செத்துப்போனான். அந்தச் செய்திக்குப் பிறகு அப்பா தேறவில்லை. அதே வருஷம் ஜூனில் இதே பர்வதி மலையில் இறந்தார். வரலாற்றுப் புத்தகங்கள் இதைப் பேரரசின் சரிவு என்று எழுதும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிக்கும்போது எனக்கு அது அப்படி மட்டும் படவில்லை.

தீவில் பிள்ளையார் வந்தது 1784-ல். அப்போதைய பேஷ்வா சவாய் மாதவராவுக்கு வயசு பத்து! ஆட்சியை நானா பட்னவீஸ் பார்த்துக்கொண்டார். பையனுக்கு மிருகங்கள் என்றால் உயிர். பர்வதி அடிவாரத்தில் அவனுக்காக விலங்குகளை வளர்த்தார்கள். ஆக, இந்த ஏரிக்கரையில் மிருகக்காட்சி சாலை இருந்த முதல் குழந்தை ஒரு ராஜா. ஊரில் மற்ற குழந்தைகளுக்கு அங்கே வேலையில்லை.

இந்த 'மற்ற குழந்தைகள்' விஷயம் சாதாரணமில்லை. மலைமேல் இருக்கிற பர்வதி கோயிலுக்குள் போகவே தலித் மக்கள் 1929-ல் சத்தியாகிரகம் செய்யவேண்டியிருந்தது. ஏரி போய், தோட்டம் பொதுச்சொத்து ஆனபிறகுதான் அடிவாரம் எல்லோருக்கும் திறந்தது. ஏரி இருந்த இடத்தின் ஒரு பக்கம் 1953-ல் பேஷ்வே பார்க் என்ற மிருகக்காட்சி சாலை வந்தது. 1956-ல் 'ஃபுல்ராணி' என்ற குட்டி ரயில் ஓட ஆரம்பித்தது. மாதவராவுக்கு மட்டும் கிடைத்தது, நூற்றெழுபது வருஷம் கழித்து டிக்கெட் வாங்கிய எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்தது.

இப்போது நம்மூருக்கு வருவோம். இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் என்ற ஊரில் பொதுப்பணத்தில் ஒரு பூங்கா அமைத்து 1847-ல் திறந்தார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட் அதைப் பார்த்து அசந்துபோனார். அந்தக் காற்று சென்னைக்கும் அடித்தது. 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், சென்ட்ரல் பக்கத்தில் நூறு ஏக்கருக்கு மேல் ஒரு பூங்காவுக்கு ஏற்பாடு செய்தார். பேரே 'பீப்பிள்ஸ் பார்க்', மக்கள் பூங்கா. மனுஷன் அதிக நாள் நிலைக்கவில்லை. 1860-ல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரி கொண்டுவந்தபோது, அதைப் பகிரங்கமாக எதிர்த்ததால் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். (மாசாமாசம் டி.டி.எஸ். பிடித்தம் பார்க்கும் என் மாதிரி ஆட்கள் அவருக்கு ஒரு சல்யூட் வைக்கலாம் :-) )

எழும்பூர் மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் தொடங்கிய மிருகக்காட்சி சாலை பிறகு இந்தப் பூங்காவுக்கு வந்தது. சென்னை ஜனங்கள் வைத்த பேர் தெரியுமில்லையா? பாடம் செய்த மிருகங்கள் இருந்த மியூசியம் 'செத்த காலேஜ்', இது 'உயிர் காலேஜ்'.

என் அப்பா 1983-ல் ஆறு வயசுப் பையனான என்னை உயிர் காலேஜுக்குக் கூட்டிப்போனார். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியற்காலை ரயில். ஒரே நாளில் உயிர் காலேஜ், செத்த காலேஜ், மெரினா எல்லாம் காட்டிவிடவேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். நான் அழுதேன், அடியும் வாங்கினேன். இன்று எனக்கு நினைவிருப்பது கூண்டுக்குள் கொட்டாவி விட்ட ஒரு புலியும், அப்பா கைவியர்வையும்தான்.

ரொம்ப நாள் அவர் அவசரப்பட்டது எனக்குக் கோபமாகவே இருந்தது. எக்செல் ஷீட் போட்ட அன்றைக்குத்தான் புரிந்தது, நானும் அதையே செய்கிறேன் என்று. ஒரு வித்தியாசம். அப்பாவுக்கு 'அடுத்த தடவை' என்று ஒன்று கிடையாது. ஒரு நாள் லீவு, ஒரு தடவைக்கான ரயில் காசு. எனக்குப் பூங்கா உள்ளூரில், பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இன்றைக்குப் பார்க்காததை அடுத்த வாரம் பார்க்கலாம். ஊருக்குள் ஒரு பூங்கா இருப்பதன் பலனே இந்த 'அடுத்த வாரம்'தான். அது இருக்கிறவனுக்குத்தான் நிதானம் வரும்.

அந்த 'அடுத்த வாரம்' யாரும் கவனிக்காமலே கரையும். மக்கள் பூங்கா நிலத்தில் விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம், நேரு ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. கூட்டிப் பார்த்தால் பூங்காவைக் காணோம், மை லேடீஸ் பூங்கா என்ற துண்டு மிச்சம். மிருகங்கள் 1985-ல் வண்டலூர் போய்ச் சேர்ந்தன. புனேயிலும் அதே மாதிரி, 1999-ல் காத்ரஜில் பெரிய இடத்தில் மிருகக்காட்சி சாலை திறந்து, பேஷ்வே பார்க் மிருகங்களையும் பிறகு அங்கே கொண்டுபோனார்கள். மிருகங்களுக்கு நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் சென்னையில் பூங்காவே போனது. இங்கே கூண்டுகள் போனாலும் பூங்காவும் ரயிலும் தங்கின.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்தோம்? ஃபுல்ராணியில் இரண்டு தடவை சுற்றினோம். மரத்தடியில் ஜமக்காளம் விரித்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். ஒரு மணி நேரம் பிள்ளைகள் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மணி பார்க்கவில்லை. கோயிலில் பிள்ளையாருக்குக் கம்பளி ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் இங்கே அது வழக்கம். சின்னவள் அசந்துபோய் நின்றாள். "பிள்ளையாருக்கு யாருப்பா பட்டன் போட்டுவிடுவா?"

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ஒரே இடம் போங்க. காலையில் சீக்கிரம் போய், பிள்ளைகள் தூங்கி வழியும் முன் திரும்புங்க. நேரமும் விடுமுறை நாளும் விசாரிச்சுக்கங்க. சாப்பாடு, தண்ணி, ஒரு செட் மாற்றுத்துணி. பார்க்க ஒரே ஒரு பெரிய விஷயம் போதும், மிச்ச நேரத்தைப் பிள்ளைகளிடம் விட்டுடுங்க. அவங்க எதை ஞாபகம் வைச்சுக்குவாங்க என்பது நம்ம கையில் இல்லை.

சின்னவளுக்கு இன்றும் அந்த ஸ்வெட்டர்தான் ஞாபகம். ரயிலே மறந்துவிட்டது. ஏரிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "தண்ணி போன மாதிரி பார்க்கும் போயிடுமாப்பா?"

அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வர்ற ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தோடு நாங்களும் போகிறோம். ஷீட் கிடையாது.